வகுப்பறைக் கருவிகளும் தமிழ் எழுத்தும்: நாவிதன்வெளியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கல்வி வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் பாடத்திட்டங்களையும் ஆசிரியப் பெருமக்களையும் பற்றி விரிவாக எழுதுவர். மாணவன் கையில் இருந்த கருவி யாது என்பது பெரும்பாலும் அவர்தம் கருத்திற் படுவதில்லை. மணலில் தொடங்கி ஏடு, சிலேட்டு, கொப்பி என வளர்ந்த வரிசையில் இன்று கையடக்கத் தொலைபேசியும் அதனுள் இயங்கும் கல்விச் செயலியும் வந்து சேர்ந்துள்ளன. தமிழ்மொழிமூல வகுப்பறையில் இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தை ஆராய்வதற்குத் தலைநகரினும் நாவிதன்வெளி போன்றதொரு பிரதேசமே ஏற்ற களமாகும்.

கல்முனைக்கு மேற்கே, களப்புக்கு அப்பால் அமைந்தது நாவிதன்வெளி. கரையோர நகரையும் இப்பிரதேசத்தையும் கிட்டங்கித் தாம்போதி இணைக்கின்றது. மாரிகாலத்தில் வெள்ளம் தாம்போதியை மேவும்போது அக்கரையும் இக்கரையும் வேறாகிவிடும். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களும் பழைய வேளாண்மைக் கிராமங்களும் அடுத்தடுத்துள்ள இப்பிரதேசத்தில் அன்னமலை, சொறிக்கல்முனை, சாளம்பைக்கேணி, மத்தியமுகாம் முதலிய ஊர்கள் உள. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இவ்வூர்களின் பாடசாலைகள் சம்மாந்துறைக் கல்வி வலயத்தைச் சேர்ந்தவை. இரு சமூகத்தாரும் கற்பது தமிழிலேயே. ஆதலால் ஒரு கருவி தமிழை ஏற்கின்றதா என்னும் வினா இவ்விரு சமூகத்தார்க்கும் பொதுவானது.

எழுத்துக்கும் கருவிக்கும் உள்ள உறவு இக்கரையோர மக்களுக்குப் புதிதன்று. முஸ்லிம் அறிஞர் தமிழை அறபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில குறிகளையும் சேர்த்து, அறபுத்தமிழ் என்னும் எழுத்து மரபொன்றை வளர்த்தனர். குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைக்கு மார்க்க நூலைத் தன் மொழியிலேயே படிக்க அஃது உதவிற்று. மொழியை விடாது எழுத்தை மாற்றிக்கொண்ட இந்நிகழ்ச்சி பின்னர் வேறொரு வடிவிற் காணப்படுவதால் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே என்பதும் உறுதியாயிற்று. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாயின. களப்புக்கு அப்பாலுள்ள பிள்ளையும் கொழும்பிலுள்ள பிள்ளையும் ஒரே நூலைப் பெற்றமை சிறிய செயலன்று. கணினியோ அவ்வாறு வரவில்லை. தேசியக் கணினிக் கொள்கை அறிக்கை 1983இல் வெளிவந்தது. அவ்வாண்டு யூலையிலேயே நாடு தீப்பற்றியது. கிழக்கின் கிராமங்கள் இழப்புகளிலும் இடப்பெயர்வுகளிலும் அலைக்கழிந்த ஆண்டுகளிலேதான் நகரப் பாடசாலைகள் சில கணினியை அறிந்தன. அறிந்ததும் ஆங்கிலத்திலேயே.

கணினிக்குள் தமிழ் புகுந்த வரலாறு சற்று விரித்துரைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வகுத்த விசையமைப்பு, பொறியைக் கைவிட்ட பின்னும் கைகளில் நிலைத்துவிட்டது. இலங்கையிற் பெருவழக்குற்ற பாமினி எழுத்துரு தட்டச்சு முறையைத் தழுவியதே. ஆயின் அக்கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தன. அதனால் ஒரு கணினியில் ஆசிரியர் தயாரித்த வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத இன்னொரு கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியது. பாடத்தைத் தேடிக் கண்டெடுக்கவும் இயலவில்லை. தமிழுக்குத் தனியிடம் தந்த யுனிக்கோட் 1991இலேயே வெளிவந்ததெனினும், அஃது எங்கும் பரவப் பல ஆண்டுகள் சென்றன. தமிழுக்கான இலங்கைத் தரநிலை, எசு.எல்.எசு. 1326, 2008ஆம் ஆண்டிற்குரியது. கருவி முன்னே வந்தது. எழுத்து பின்னே வந்தது. இடைப்பட்ட காலத்தில் இளைஞர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினர். அறபுத்தமிழ் புலமையின் ஆக்கம். இது வேறு வழியின்மையின் விளைவு. இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பொருந்தாது.

2004 திசம்பர் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அதனை அடுத்த ஆண்டுகளிலேதான் ஞானசாலை என்னும் பொருள்பட்ட ‘நெணசல’ நிலையங்கள் நாட்டின் கிராமங்களிற் பரவின. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடமாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் யாவரும் படிக்குமாறு செய்தது. கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ மும்மொழியிலும் பாடங்களைத் தந்தது. பண்டைத் தட்சசீலத்தின் பெயரே அது.

இவை யாவும் துணைக்கருவிகளாகவே இருந்தன. 2020 மார்ச்சு 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டபோது துணையே முதலாயிற்று. ஏப்பிரலில் ‘குரு கெதர’ நிகழ்ச்சி தொடங்கி, தமிழ்மொழிமூல மாணவர்க்கு நேத்திரா அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. எனினும் வகுப்பறையின் இடத்தைப் பெரிதும் பிடித்தது கல்விக்கென ஆக்கப்படாத வட்சப் செயலியே. காரணம் எளியது. சூம் வகுப்புக்குத் தடையற்ற அலைவரிசையும் பெருந்தொகை ரீலோட்டும் வேண்டும். வட்சப்பிற்கோ ஒப்படையைப் படம்பிடித்து அனுப்பினாற் போதும். அலைவரிசை கிட்டிய வேளையிற் பாடம் தானே வந்து சேரும். ஆசிரியர் தம் குரலையே பதிந்து அனுப்பினமையால் விசைப்பலகைச் சிக்கலும் ஒழிந்தது. தமிழை எழுதத் தடுமாறிய கருவியிலே தமிழைப் பேசி அனுப்பும் வழியொன்று திறந்தது. ஆயினும் வீட்டிலுள்ள தொலைபேசி ஒன்றெனின், அது தந்தையோடு வயலுக்கோ கடைக்கோ சென்றுவிடும்; மூன்று பிள்ளைகளின் பாடங்களும் இரவிலேதான் திறக்கப்படும். இலவசப் பாடநூல் தலைக்கு ஒன்று. தொலைபேசி குடும்பத்துக்கு ஒன்று. இலவசக் கல்வி என்னும் கோட்பாடு இவ்விடத்திலேதான் நலிவுற்றது எனலாம்.

ஆசிரியர் தம் சொந்தப் பணத்திலும் சொந்தத் தொலைபேசியிலும் இப்பணியைச் செய்தனர் என்பதையும் மறத்தலாகாது. நெடுநாட் சம்பள முரண்பாட்டை முன்வைத்தும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தும் ஆசிரிய சங்கங்கள் 2021 யூலை 12 முதல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. பாடசாலை வாயில் பூட்டியிருக்கும்போதே நிகழ்ந்த இவ்வேலைநிறுத்தம் நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் புதுமையானது. ஒக்டோபர் 25இலேதான் ஆசிரியர் வகுப்புக்கு மீண்டனர்.

அடுத்த ஆண்டு வேறொரு தடை. 2022 மார்ச்சில் கடதாசி இன்மையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்களை எட்டிற்று. கொப்பியும் திரையும் ஒருங்கே கைவிட்ட காலம் அது. யூனில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட, இணையவழிக் கற்பித்தல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அதற்காகக் கிழமை நாட்களிற் காலை 8 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மின்சாரத்தைத் துண்டிக்காதிருக்க உடன்பாடும் காணப்பட்டது. தொலைபேசியைத் தந்தை வயலுக்குக் கொண்டுசெல்லும் நேரமும் அதுவே.