டிராகன் குவெஸ்ட்: எழுத்தால் எழுந்த ஒரு விளையாட்டு

மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்கிறான். மாங்காட்டு மறையவன் விடை சொல்கிறான். கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழி வெம்மை மிக்க காட்டைக் கடந்து சிறுமலைப் பக்கம் போகும். இடப்பக்க வழியில் திருமால் குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை, வரும். அங்கே ஒரு பிலம் உண்டு. மூன்று பொய்கைகள் உண்டு. ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும். இன்னொன்றில் மூழ்கினால் பழம்பிறப்பு விளங்கும். மூன்றாவதில் நினைத்தது கிட்டும். ஆனால் பிலத்தினுள் வரோத்தமை என்பாள் தோன்றி வினாத் தொடுப்பாள். விடை சொல்வோர்க்கே கதவு திறக்கும். ஐந்தெழுத்தும் எட்டெழுத்தும் ஆகிய இரு மந்திரங்களும் நினைவில் இருத்தல் வேண்டும். நடுவழி நல்ல வழிதான். எனினும் அங்கே கானுறை தெய்வம் ஒன்று வழிப்போக்கரை மயக்கும்.

காடுகாண் காதையின் இப்பகுதியை இன்றைய இளைஞர் ஒருவரிடம் கதையாகச் சொல்லிப் பாருங்கள். பிரியும் பாதை, குகை, காவல் காக்கும் பெண், விடுகதை, மந்திரம், வரம் தரும் நீர்நிலை என்று அடுக்கி முடிப்பதற்குள், "இது ஆர்.பி.ஜி. கேம் அல்லவா?" என்பார். பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளுக்கு அவர்களிடையே வழங்கும் பெயர் அது. உடனே, ஆர்.பி.ஜி.யும் கீழடியில்தான் தோண்டி எடுக்கப்பட்டது என்று நாம் நிறுவ வருவதாக வாசகர்கள் அஞ்ச வேண்டாம். அதன் ஊர் வேறு, வரலாறு வேறு. அவ்வகையை ஜப்பானில் வேரூன்றச் செய்த டிராகன் குவெஸ்ட் என்னும் தொடரின் வரலாற்றை இலக்கிய மாணவர் கண்கொண்டு பார்ப்பதே நம் நோக்கம். அதற்குக் காரணம் உண்டு. அத்தொடரைப் படைத்தவர் ஓர் இலக்கிய மாணவர். அதை வளர்த்ததில் படத்துக்கும் வேகத்துக்கும் உள்ள பங்கைவிட எழுத்துக்கு உள்ள பங்கு பெரிது.

வேர்கள்

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது அது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு விடை சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு கூத்துதான். அரிதாரம் மட்டும் இல்லை. இதைக் கணினிக்குள் கொண்டுவந்தவற்றில் புகழ்பெற்ற இரண்டு 1981-இல் வந்தன. ஒன்று 'விசார்ட்ரி', மற்றொன்று 'அல்டிமா'.

யூஜி ஹோரி 1954-இல் அவாஜி தீவில் பிறந்தவர். வாசெடா பல்கலைக்கழகத்தில் இலக்கியப் புலத்தில் பயின்றவர். பின்னர்ப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். 1982-இல் எனிக்ஸ் என்ற நிறுவனம் கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றை அறிவித்தது. தாமே எழுதிப் பழகிய டென்னிஸ் விளையாட்டு ஒன்றை அனுப்பி ஹோரி பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற இன்னொருவர் கோயிச்சி நகமுரா. அப்போது பள்ளி மாணவர். இவ்விருவரும் அமெரிக்கப் பயணத்தில் 'விசார்ட்ரி'யைக் கண்டனர். கண்டது முதல் அதன் மயக்கம் தீரவில்லை.

இடையில் 1983-இல் ஹோரி 'போர்டோபியா' என்ற துப்பறியும் கதை விளையாட்டை எழுதினார். பிறகு நகமுராவின் சுன்சாஃப்ட் குழு நிரல் எழுத, ஹோரி கதையும் உரையாடலும் எழுத, அகிரா தோரியாமா உருவங்கள் வரைய, கோயிச்சி சுகியாமா இசையமைக்க, 1986 மே 27-இல் நிண்டெண்டோவின் 'ஃபாமிகாம்' கருவிக்காக டிராகன் குவெஸ்ட் வெளிவந்தது. 'விசார்ட்ரி'யின் போரையும் 'அல்டிமா'வின் நிலப்படத்தையும் இணைத்தது அது. தோரியாமா அன்றே புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர். 1931-இல் பிறந்த சுகியாமாவோ, எனிக்ஸின் சதுரங்க விளையாட்டு ஒன்றைப் பற்றி அந்நிறுவனத்துக்குக் கருத்து அட்டை எழுதி அனுப்பியதன் வழியாக இதற்குள் வந்து சேர்ந்தவர்.

64 கிலோபைட்டில் ஒரு காப்பியம்

அந்தக் கேசட்டில் இருந்த மொத்த இடம் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் ஒரு சிறு புகைப்படமே அதைவிடப் பெரிது. ஒரு நாடு, அதன் ஊர்கள், குகைகள், பகைவர், இசை, உரையாடல் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். எழுத்துருக்களும் அந்த இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். எனவே ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளுக்கு இடமில்லை. ஹிராகனா முழுவதும் இருந்தது. அயற்சொல்லும் பெயர்களும் எழுதப் பயன்படும் கடகனாவில் இருபது எழுத்துகளே வைத்துக்கொள்ளப்பட்டன.

இருபதே எழுத்துகளில் ஓர் உலகின் பெயர்களைச் சூட்ட வேண்டும் என்பது எத்தகைய யாப்பு! தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்ட நீலத்துளி உயிரின் பெயர் ஜப்பானிய ஒலிப்பில் 'சுராஇமு'. அதன் நான்கு எழுத்துகளும் அந்த இருபதுக்குள் அடக்கம். பழங்கால வீரனின் பெயரான 'ரோதோ'வும் அப்படியே. எதுகைக்காகச் சொல் தேடி, அந்தத் தேடலில் முன்பு நினையாத பொருளைக் கண்டடையும் புலவர்க்கு இந்த அனுபவம் புதிதன்று.

உரையாடல்களும் அவ்வாறே. பாத்திரங்கள் ஓரிரு வரியில் பேசியாக வேண்டும். அந்தச் சிறு வரிகளிலேயே திசையும் அச்சமும் நகைச்சுவையும் அமைய வேண்டும். தெற்கே ஓர் ஊர் இருப்பதை ஒரு முதியவர் சொல்வார். பாலத்துக்கு அப்பால் பகை வலிது என்று ஒரு வீரன் எச்சரிப்பான். வழி தெரிந்தவர் வழி தெரியாதவர்க்குச் சொல்லும் இந்த மரபுக்கு நம்மிடம் ஆற்றுப்படை என்று பெயர். மலைபடுகடாத்தில் கூத்தர்க்குச் சொல்லப்படும் வழுக்குப் பாறைகளையும் பன்றிப் பொறிகளையும் பாம்புகளையும் நினைத்துக்கொள்க.

தொடக்கக் காட்சியின் அமைப்பும் எண்ணத்தக்கது. அரசனின் அறையில் கதவு பூட்டியிருக்கும். பேசுதல், பேழை திறத்தல், சாவியால் கதவு திறத்தல், படியில் இறங்குதல் ஆகியவற்றைச் செய்தாலன்றி வெளியே வர இயலாது. ஆர்.பி.ஜி. என்றால் என்னவென்றே அறியாத சிறுவனுக்கு, பாடம் என்று சொல்லாமலேயே பாடம் முடிந்துவிடுகிறது. கோட்டையை விட்டு வெளியே வந்ததும், நீருக்கு அப்பால் பகைவனின் கோட்டை கண்ணுக்குத் தெரியும். சேர வேண்டிய இடம் கண்ணெதிரே. சேரும் வழியோ நாட்டைச் சுற்றி நெடுந்தொலைவு.

பெயர் சுட்டாத் தலைவன்

நாயகனுக்குப் பெயரில்லை. ஆடுபவரே நான்கு எழுத்துக்குள் ஒரு பெயர் இட வேண்டும். அவன் பேசுவதும் இல்லை. பிறர் அவனிடம் பேசுவார்கள். அவன் பேசினால் ஆடுபவரின் மனம் வேறு, அவன் மனம் வேறு ஆகிவிடும் என்பது ஹோரியின் கருத்து. அகத்திணையில் தலைவன் தலைவியரை இன்னார் என்று பெயர் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. பெயர் நின்ற இடம் வெற்றிடமானால், அங்கே கேட்பவர் யாரும் வந்து நிற்கலாம். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், தொடர்பே இல்லாத இரு மரபுகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

மந்திரமும் பாடபேதமும்

முதற்பாகத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மின்கல வசதி இல்லை. அதற்கு மாற்றாக 'உயிர்த்தெழும் மந்திரம்' ஒன்றை அரசன் ஓதுவான். இருபது ஹிராகனா எழுத்துகள். நாயகனின் பெயர், பெற்ற அனுபவம், கையிலுள்ள பொன், பொருள் எல்லாம் அதற்குள் மறைந்திருக்கும். மறுநாள் அதை உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த இருபது எழுத்துகளும் திரையில் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று அடி பிரித்துக் காட்டப்பட்டன. ஐந்து, ஏழு, ஐந்து என்பது ஹைக்கூவின் அளவு. தவளையைப் பாடிய பாஷோவின் புகழ்பெற்ற ஹைக்கூவை அப்படியே எழுதி, இறுதி மூன்று எழுத்தில் அவர் பெயரை ஒட்டி எழுதினால், அதுவே செல்லுபடியாகும் மந்திரமாக அமைந்துவிடுவதை ஆடியோர் பிற்காலத்தில் கண்டுபிடித்து வியந்தனர்.

1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மூவர் குழுவாகச் செல்வதால் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. மங்கலான தொலைக்காட்சித் திரையைப் பார்த்துப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஹிராகனாவில் 'நு'வும் 'மே'யும் ஒரு சுழியில் வேறுபடும். 'நே', 'ரே', 'வா' மூன்றும் உடன்பிறந்தார்போல் இருக்கும். 'ப'வின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் இடையே ஒரு சிறு வட்டம்தான் வேற்றுமை. ஓரெழுத்துப் பிழைத்தால் பல நாள் உழைப்பு பாழ். ஏடு பெயர்த்து எழுதியோரின் துயரம் அறிந்தவர்க்கு இது புரியும். ஓலையில் புள்ளி குத்துவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. அந்த மயக்கங்களினூடே உ.வே.சா. சிலம்பை மீட்டு 1892-இல் பதிப்பித்தார். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவடிகளேனும் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே பிரதி.

வளர்ச்சி

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. மூன்றாம் பாகம் வெளியான அன்று கடைகளுக்கு முன் நீண்ட வரிசைகள்; பள்ளிக்கு மட்டம் போட்டு நின்ற மாணவர்களைக் காவலர் பிடித்துக் கண்டித்தனர். வேலைநாளில் இதை வெளியிடக் கூடாதென்று சட்டமே இயற்றப்பட்டதாக ஒரு கதை உண்டு. அது கதை மட்டுமே. மின்கலச் சேமிப்பு வந்ததால் மந்திரம் இப்பாகத்தில் விடைபெற்றது. இதன் நாயகனே முதற்பாகத்தில் பேசப்படும் பழங்கால வீரன் ரோதோ என்பது இறுதியில்தான் வெளிப்படும்.

1990-இல் வந்த நான்காம் பாகம் ஐந்து காதைகளாக அமைந்தது. அதில் ஒரு காதையின் தலைவன் தோருனேகோ என்னும் வணிகன். வீரனல்லன், ஆயுதக் கடையில் கூலிக்கு நின்று, விலை பேசிப் பொருள் சேர்க்கும் குடும்பத்தான். அரசரே தலைவராக இருந்த காப்பிய உலகில் வணிகன் ஒருவனைத் தலைவனாக்கிய இளங்கோவின் மண்ணில் இருந்து பார்க்கும் நமக்கு, இதன் துணிவு தனியே புலப்படுகிறது.

1992-இன் ஐந்தாம் பாகமே இவற்றுள் நெஞ்சைத் தொடுவது. நாயகன் சிறுவனாக இருக்கையில் அவன் கண்முன் தந்தை கொல்லப்படுகிறார். பத்தாண்டு அடிமை வாழ்வு. பின் திருமணம், மக்கட்பேறு. பின் கல்லாகிச் சில ஆண்டுகள். வாழ்நாளெல்லாம் தேடிய அந்த வீரன் தான் அல்லன், தன் மகனே என்று ஒரு கட்டத்தில் அறிகிறான். வீரனின் கதை என்று தொடங்கியது தலைமுறைகளின் கதையாக முதிர்ந்துவிட்டது.

பின்வந்தவற்றைச் சுருங்கக் காணலாம். 2003-இல் எனிக்ஸ், 'ஃபைனல் ஃபேன்டஸி' தொடரின் நிறுவனமான ஸ்கொயருடன் இணைந்தது. 2012-இன் பத்தாம் பாகம் இணையவழிப் பலர் கூடி ஆடுவது. பதினொன்றாம் பாகம் 2017-இல் வந்தது. பன்னிரண்டாம் பாகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர் அணிவகுப்பு சுகியாமாவின் டிராகன் குவெஸ்ட் இசையோடு தொடங்கியது. இரண்டு மாதத்தில் அவர் மறைந்தார். தோரியாமா 2024 மார்ச் 1-இல் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் மூன்றாம் பாகமும், 2025 அக்டோபரில் முதலிரு பாகங்களும் புத்துருவில் வெளிவந்தன.

நம் பக்கம் வராத கதை

1989-இல் முதற்பாகம் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் அமெரிக்கா சென்றது. ரோதோ எர்ட்ரிக் ஆனார். எளிய ஜப்பானிய உரையாடல் பழங்கால ஆங்கில நடைக்கு மாறியது. மந்திரத்துக்குப் பதில் மின்கலம் வந்தது. மொழி பெயர்க்கப்பட்டதால் அது வாழ்ந்தது.

தொண்ணூறுகளில் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் 'டிவி கேம்' வாங்கிய தலைமுறை நாம். அந்தக் கருவிகளில் பலவும் ஃபாமிகாமின் நகல்களே. கருவி வந்தது, மரியோ வந்தார், 'கான்ட்ரா' வந்தது. ஓடுவதற்கும் குதிப்பதற்கும் சுடுவதற்கும் மொழி வேண்டா. ஆனால் நாம் பார்த்த கேசட்டுகளில் டிராகன் குவெஸ்ட் இல்லை. படித்துப் புரிந்து ஆட வேண்டிய ஒன்று மொழி மாறாமல் எந்தத் தெருவுக்கும் வருவதில்லை. அதே கருவியின் முன் அமர்ந்த ஜப்பானியச் சிறுவன் தன் தாய்மொழியை எழுத்தெழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நாம் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தோம்.

எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ஹிராகனா அடங்கிவிடும். நம் 'ஞௌ' அடங்குமா என்று அன்று கேட்டிருக்கலாம். இன்று அந்தத் தடை இல்லை. கைப்பேசியில் 247 எழுத்தும் பிழையின்றித் தெரிகின்றன. ஆயினும் நம் பிள்ளைகள் ஆட்டத்துக்குள் வழி கேட்பதும் விடை சொல்வதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தாய்மொழி தேர்வுத்தாளில் இருக்கிறது, விளையாட்டில் இல்லை. ஒரு மொழியை அதன் குழந்தைகள் விளையாட்டில் பேசாமல் விடுவது, அதை முதியோரிடம் விட்டுவிடுவதன் முதற்படி என்பது நம் அச்சம்.

முழு இருட்டு என்றும் சொல்வதற்கில்லை. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட விளையாட்டின் பெயரே 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் தந்த சமையற்குறிப்பு நோட்டில் கறைபட்டு அழிந்த இடங்களை ஊகித்து, இட்டலியும் புட்டும் செய்து ஆட்டம் நகரும். பாடபேதம் பார்க்கும் வேலை, சமையலறையில்! 2024-இல் அதற்குப் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. ஆயினும் அது ஒரு மாலைப்பொழுதில் முடியும் சிறுகதை. ஊர் ஊராகத் திரிந்து, எதிர்ப்படுவோரிடமெல்லாம் தமிழில் பேசி, வாரக்கணக்கில் வாழ்ந்து தீர்க்கும் நெடுங்கதை இனிமேல்தான் வர வேண்டும்.

அதற்குப் பெருநிறுவனமும் பெரும்பொருளும் வேண்டும் என்பார்கள். பொருள் வேண்டும்தான். ஆனால் ஹோரியின் வரலாறு காட்டுவது, முதலில் வேண்டியது ஓரிரு வரியில் ஓர் ஊரையே பேசவைக்கத் தெரிந்த எழுத்தாளர் என்பதை. இவ்வாண்டு முதுகலை மாணவர்க்கு நாம் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறோம். மாங்காட்டு மறையவன் சொன்ன மூன்று வழிகளையும், பத்து வயதுப் பிள்ளை படித்துவிட்டு அழகர்மலைப் பக்கம் கிளம்பிவிடும்படி, ஒவ்வொன்றும் ஏழு சொல்லுக்கு மிகாத பத்து வரிகளில் எழுத வேண்டும். விளையாட்டுப்போல் தோன்றுகிறது, எழுதிப் பார்த்தால்தான் கடினம் தெரியும்.