முதலாவது அமைச்சர் சபை (இலங்கை, 1931–1936)

பிரித்தானியர் ஆட்சியில், டொனமூர் அரசியலமைப்பின்படி 1931 ஜூலையில் பதவியேற்றது இலங்கையின் முதலாவது அமைச்சர் சபை. 1936 தேர்தலோடு அதன் காலம் முடிந்தது. ஐந்தாண்டுகூட நிறையாத இச்சபையில் அட்டன் தொகுதி உறுப்பினர் பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தார். மலையகத் தமிழர் ஒருவர் அமைச்சரானது அதுவே முதல்முறை.

பின்னணி

1927 இறுதியில் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 30 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. இறுதியில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அது அப்படியே கிடைக்கவில்லை. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிப்பது, சொத்து அல்லது எழுத்தறிவுத் தகுதி போன்ற நிபந்தனைகளைக் கடந்து 1931இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாக்காளராயினர். அட்டனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பையொட்டி வடக்கின் நான்கு தொகுதிகள் தேர்தலைப் புறக்கணித்தன.

அமைப்பு

அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பில் தன் தலைவரைத் தெரிவுசெய்தது. அவரே அத்துறையின் அமைச்சர். நிதி, நீதி, பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகியவை மூன்று பிரித்தானிய அரச அதிகாரிகளிடமே இருந்தன. அவர்களுள் ஒருவரான பிரதம செயலாளர் அமைச்சர் சபைக்கும் தலைமை வகித்தார். வரவுசெலவுத் திட்டம் தவிர வேறெதற்கும் அமைச்சர்கள் கூட்டாகப் பொறுப்பேற்கவில்லை.

தொடக்கத்தில் பதவியேற்றோர்:

உள்நாட்டு விவகாரம் – டி. பி. ஜயதிலக்க
விவசாயம், காணி – டி. எஸ். சேனநாயக்க
உள்ளூராட்சி – சார்ள்ஸ் பட்டுவந்துடாவ
சுகாதாரம் – டி. பி. பானபொக்க
கல்வி – சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா
தொழில், கைத்தொழில், வர்த்தகம் – பெரி. சுந்தரம்
போக்குவரத்து, பொதுவேலை – எச். எம். மாக்கான் மாக்கார்

மலையக அமைச்சர்

1890இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த பெரி. சுந்தரம் கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று வழக்கறிஞரானார். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய தொழிலாளர் நலன் சங்கத்தின் செயலாளராக அவர் உழைத்தார். தோட்டங்களில் அப்போது ‘துண்டு’ முறை நடப்பில் இருந்தது. தொழிலாளரின் கடன் தொகையைக் குறித்து, அதைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தி ஆட்களை அழைத்துக்கொள்ளும். கடனும் அவர்களோடு கூடவே போகும். இக்கொடுமையை 1921இல் சட்டம் ஒழித்தது. தோட்டத் துயரை உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம் பத்தாண்டுக்குப் பின் நாடு முழுவதன் தொழில் துறை வந்து சேர்ந்தது.

அவர் பொறுப்பேற்றபோது உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்திருந்தது. தோட்டங்களில் சம்பளமும் குறைக்கப்பட்டது. அந்த நெருக்கடிக்குள்ளும் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும் தொழிற்சங்கச் சட்டம் 1935இலும் நிறைவேறின. விபத்தில் கை கால் இழந்தவர் இழப்பீட்டை உரிமையாகக் கேட்கவும், தொழிற்சங்கம் பதிவு பெற்று இயங்கவும் இவை வழி செய்தன. அவரது பதவிக்காலத்தில், 1934இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவின் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

முடிவும் விளைவும்

1936 தேர்தலில் கோ. நடேசய்யர் அட்டனின் உறுப்பினரானார். நிர்வாகக் குழுக்கள் ஏழிலும் சிங்கள உறுப்பினரே பெரும்பான்மையாக அமைந்ததால் ஏழு அமைச்சர்களும் சிங்களவராயினர்; தொழில் துறை ஜி. சி. எஸ். கொரயாவிடம் சென்றது. சிறுபான்மையினருக்கு அமைச்சுப் பதவி கிடைப்பது சட்டத்தால் உறுதி செய்யப்படாமல், குழுவில் யார் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. இம்முறையின் பெருங்குறை அது.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு நாடாளுமன்ற இடங்களை வென்றது. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களின் வாக்கையே பறித்தன. 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் பதவியேற்கும்வரை மலையகத் தமிழர் எவரும் அமைச்சராகவில்லை. பெரி. சுந்தரத்தின் பதவிக்காலம் குறுகியது; ஆயினும் வாக்குரிமை ஓரளவு கிடைத்த முதல் தேர்தலிலேயே அமைச்சரவை வரை உயர முடிந்த ஒரு சமூகத்திடமிருந்து பின்னர் எவ்வளவு பறிக்கப்பட்டது என்பதற்கு அது வரலாற்றுச் சான்று.