கீழே இருந்த ஊர்

பேரணாம்பட்டு தாண்டி கார் மலைப்பாதையில் ஏறும்போது என் மகள் கேட்டாள்: "தாத்தா, உங்க ஊரு இன்னும் எவ்ளோ மேல இருக்கு?"

முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பாமலே சொன்னார்: "மேல இல்ல கண்ணு. கீழ."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்துவிட்டான். அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குச் சாயங்காலம்தான் புரிந்தது.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு, வி.கோட்டா வழியாகக் கோலார் தங்கவயல் போக இரண்டு மணி நேரம் ஆகும். எங்களுக்கு 24 வருடம் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது அப்பாவுக்கு 49 வயது, எனக்கு 11. சில மாதங்களில் ஆம்பூர் வந்துவிட்டோம். 30 வருடம் பாறை உடைத்தவர் ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். "ஒரு எட்டு போய்ட்டு வரலாமே" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "அங்க என்ன இருக்கு?" என்பார். போன தீபாவளி லீவில் அவரே கிளம்பச் சொன்னார்.

2018-ல் வந்த கன்னடப் படத்தால் கே.ஜி.எஃப். என்ற பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் படத்தில் இல்லாத வரலாறு ஒன்று அந்த ஊருக்கு உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் மைசூர் சமஸ்தானத்தின் இந்த வறண்ட மேட்டில் தங்கம் எடுக்க இறங்கியது. ஆழத்தில் இறங்க ஆள் வேண்டும். அன்றைய வட ஆற்காட்டிலிருந்து நிலமில்லாத குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். குடியாத்தம் பக்கமிருந்து அப்படி வந்தவர்தான் அப்பாவின் தாத்தா. நாங்கள் வந்த அதே மலையைக் கடந்துதான் அவரும் வந்திருப்பார்.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களில் விளக்கு எரிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. மின்சாரம் வந்தது இயந்திரங்களுக்காக. தொழிலாளிகள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள். ஆனால் அந்தத் தட்டிகளுக்குள்ளே படிப்பும் நடந்தது. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் 1907-ல் சென்னையில் தொடங்கி, பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது இந்த ஊரிலிருந்துதான். பகலெல்லாம் பாறை உடைத்தவர்களுக்கு ராத்திரியில் படிக்கச் சொந்தமாக ஒரு பத்திரிகை இருந்தது.

நாங்கள் இருந்த லைனுக்குப் போனோம். வீடு இருந்தது, யாரோ குடியிருந்தார்கள். அப்பா வாசலோடு திரும்பிவிட்டார். சாம்பியன் ரீஃப் பக்கம் போனோம். வேலிக்கு அந்தப்பக்கம் இரும்புக்கோபுரம் துருப்பிடித்து நின்றது. உள்ளே அனுமதி இல்லை. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு பேத்தியிடம் பேசத் தொடங்கினார். வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்காத பேச்சு அது.

கூண்டில் எப்படி இறங்குவார்கள், எந்த லெவலில் மாறி அடுத்த கூண்டு ஏறுவார்கள், எங்கே உட்கார்ந்து சோறு தின்பார்கள், எங்கே பாறை தொட்டால் சுடும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருந்த தெருக்களின் பெயரை மறந்துவிட்டவருக்குக் கீழே இருந்த ஒவ்வொரு திருப்பமும் நினைவிருந்தது.

1965-ல் இதே சாம்பியன் ரீஃபில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். மேலிருந்து வரும் மற்ற துகள்களையெல்லாம் பாறை தடுத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு கீழே போனார்கள். "கண்ணுக்குத் தெரியாததப் புடிக்க பம்பாய்லேர்ந்து வந்துகீறாங்கன்னு நைனா சொல்வாரு" என்றார் அப்பா. "நாங்க தெனம் போற எடம்தான்."

அம்மா குறுக்கிட்டாள். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அடுக்குல இருக்கிற டம்ளர் ஆடும்." தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். பெரிய வெடிப்பென்றால் மேலே ஊரே அதிரும். டம்ளர் ஆடினால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். அம்மாவும் ஓடியிருக்கிறாள், ஒருமுறை தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு. "இவரு வெளிய வந்து, ஏன் ஓடியாந்தேன்னு என்னைத் திட்டினாரு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எல்லாம் தண்ணி" என்றார்.

மூடிய பிறகு பம்புகள் நின்றன, சுரங்கத்தில் நீர் ஏறிவிட்டது. 'அங்க என்ன இருக்கு' என்று அவர் இத்தனை வருடம் கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாங்கள் விட்டுவந்த ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அவருடைய ஊருக்கு இனி யாரும் போக முடியாது.

திரும்பும் வழியில் மகள் ஜன்னல் வழியே கத்தினாள்: "மலை!" சாம்பல் நிறத்தில், புல் பூண்டு அதிகமில்லாமல், தட்டையான தலையோடு நின்றது சயனைடு மேடு. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய தூள். காற்றடித்தால் ஊரெல்லாம் பறக்கும். 120 வருடத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். கொட்டிய தூள் மூன்று கோடி டன்னுக்கும் மேல்.

"மலை இல்ல கண்ணு" என்றார் அப்பா. "கீழ இருந்தத நாங்க மேல கொண்டாந்து போட்டது. இதுல உன் கொள்ளுத்தாத்தா போட்டதும் கீது."

வண்டியை நிறுத்தச் சொன்னார். மகள் ஓடிப்போய் உள்ளங்கை நிறைய அள்ளினாள். அப்பா தடுக்கவில்லை. அம்மாதான் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவிவிட்டாள்.

"வாயில வெச்சிடாதடி" என்றாள். சின்ன வயதில் எங்களுக்கும் தினம் அதையேதான் சொல்வாள்.