மேற்படிக் குறியும் ஜிப் கோப்பும்

பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் படித்துப் பழகியவர்கள் ‘௸’ என்னும் குறியை அறிவார்கள். அதனை ‘மேற்படி’ என்று படிக்கிறோம். முன்னரே எழுதிய பெயரையோ ஊரையோ மறுபடியும் எழுதாமல், மேலே சொன்னதையே கொள்க என்று சுட்டுவது அதன் பணி. எழுதுவோர்க்கு இடம் மிச்சமாயிற்று. படிப்போர்க்குப் பொருள் குறையவில்லை. நாம் அன்றாடம் கோப்புகளைச் சுருக்கப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே இயங்குகின்றன.

ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட முறையின் சாரம் இதுவே. ஒரு தொடர் மீண்டும் வருமானால், அதனை எழுதாமல், ‘இத்தனை இடம் பின்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்துவிடலாம். அதற்கு முன்பே, 1952இல், டேவிட் ஹஃப்மன் வேறொரு சிக்கனத்தைக் காட்டியிருந்தார்: அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, இறுதித் தேர்வுக்கு மாற்றாக ஆசிரியர் ஏற்றுக்கொண்ட கட்டுரைக்காக அவர் கண்டறிந்த முறை அது. (தேர்வுகளை ஒழிக்க இதனைச் சான்றாகக் காட்ட வேண்டாமென்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.) ஜிப் கோப்பில் பரவலாகப் பயன்படும் ‘டிஃப்ளேட்’ முறை இவ்விரண்டின் கூட்டு.

தமிழுக்கு இது தனிப் பயன் தருகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒருங்குறித் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. ஆகவே 15 பைட்டுகள். ஆங்கிலத்தைவிட மும்மடங்கு இடம் கேட்கிறதே என்ற குறை உண்மையானதுதான். ஆயினும் அம்மூன்றனுள் முதல் பைட்டு எல்லா எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே வகைகளுள் ஒன்று. இவ்வளவு சீராக மீள்வனவற்றைச் சுருக்கி எளிதில் விழுங்கிவிடுகிறது. நம்முடையது ஒட்டுநிலை மொழியாதலால் ‘களுக்கு’, ‘கின்றன’, ‘வேண்டும்’ போன்ற ஈறுகளும் துணைவினைகளும் பக்கந்தோறும் திரும்ப வருகின்றன. அவையும் மேற்படிக் குறிகளாகிவிடுகின்றன. சுருக்கிய பின் அந்த மும்மடங்கு பெரிதும் தேய்ந்துபோகிறது.

எனினும், எந்த மென்பொருளைத் தேர்வது என்பதை இந்தச் சுருக்க விகிதத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்வது தவறு. ஜிப் வடிவம் பிறந்த கதை அதனைக் காட்டுகிறது. 1980களில் அமெரிக்காவில் ‘ஆர்க்’ என்ற வடிவம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஃபில் காட்ஸ் என்பவர் அதற்கு இணக்கமான, அதைவிட விரைவான ஒரு நிரலை எழுதி விற்றார். ‘ஆர்க்’ நிறுவனம் 1988இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. காட்ஸ் 1989இல் ஜிப் என்னும் புதிய வடிவத்தைக் கொணர்ந்து, அதன் வரையறையை யாவரும் கையாளுமாறு வெளியிட்டுவிட்டார். விளைவு பெரிது. இன்று நாம் எழுதும் ‘டாக்எக்ஸ்’ ஆவணமும், வகுப்பில் காட்டும் ‘பிபிடிஎக்ஸ்’ படவில்லையும், படிக்கும் ‘ஈபப்’ மின்னூலும் உண்மையில் ஜிப் கோப்புகளே. ஒரு டாக்எக்ஸ் கோப்பின் படியொன்றை எடுத்து, பெயரின் ஈற்றை ‘ஜிப்’ என மாற்றித் திறந்து பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்லலாம். அத்தகைய கோப்புகளை மீண்டும் சுருக்குவதால் ஏன் இடம் மிச்சமாவதில்லை என்பதும் அப்போது விளங்கும்.

யூஜின் ரோஷல் 1993இல் உருவாக்கிய ‘ரார்’ வடிவம் பல வேளைகளில் ஜிப்பைவிட இறுக்கமாகச் சுருக்கும். ஆனால் ரார் கோப்பைத் திறக்கும் நிரல்தான் வெளியிடப்பட்டுள்ளது. அதனைக் கொண்டு சுருக்கும் நிரல் செய்ய உரிமம் இடந்தரவில்லை. இகோர் பாவ்லோவ் 1999இல் தந்த 7-ஜிப் கட்டணமற்றது. அதன் மூலநிரலும் திறந்திருப்பது. பிறர்க்கு அனுப்ப ஜிப், நம்மிடமே வைத்துக்கொள்ளும் பெருந்தொகுப்புகளுக்கு 7-ஜிப், நமக்கு வரும் ரார் கோப்புகளைத் திறக்க மட்டும் ஒரு கருவி என்பதே நம் கருத்து. வினாத்தாள்களைக் கடவுச்சொல்லிட்டு அனுப்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ஜிப்பின் பழைய மறையாக்கத்தை உடைக்கும் வழி 1994இலேயே வெளியாகிவிட்டது. 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 முறையைத் தேர்வதும், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் வசதியை இயக்குவதும் நன்று. ‘ஆண்டிறுதித் தேர்வு வினாத்தாள்’ என்ற பெயர் தெரிந்தாலே ஆவல் பிறக்குமன்றோ!

தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளில் மற்றொரு சிக்கல் உண்டு. ஜிப் பிறந்தபோது கோப்புப் பெயர்கள் ஐபிஎம் கணினியின் எழுத்துத்தொகுதியில் அமையும் என்றே கொள்ளப்பட்டது. அதில் தமிழுக்கு இடமில்லை. 2006இல்தான் யூடிஎஃப்-8 பெயர்களுக்கு வரையறை வழி செய்தது. அதனை மதியாத பழைய மென்பொருளில் ‘பாடம் 3’ என்பது புரியாக் குறிகளாய்ச் சிதறும். அனுப்புமுன் வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்ப்பது சிறு உழைப்புதான்.

இதனினும் கடியது ஒன்று உள்ளது. 1990களில் நெகிழ்வட்டில் இட்ட ஜிப் கோப்பு, வட்டு கெடாதிருந்தால், இன்றும் தடையின்றித் திறக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் தமிழ், அக்காலத்து எழுத்துரு ஒன்றின் தனிக் குறியேற்றத்தில் எழுதப்பட்டிருந்தால், அது வெறும் உரோமக் குறிகளாகவே தோன்றுகிறது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலம் அது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது இத்தகைய சிக்கல்களின் நடுவேதான். உறை திறந்துவிட்டது, மடலைப் படிக்க இயலவில்லை. அத்தகைய பழைய பாடக்குறிப்புகளை வைத்திருப்போர், மூலக்கோப்பு, அதன் எழுத்துருக் கோப்பு, ஒருங்குறிக்கு மாற்றிய படி ஆகிய மூன்றையும் ஒரே ஜிப்பில் இட்டு, எந்த எழுத்துருவில் எந்த ஆண்டில் எழுதியது என்று ஓர் எளிய உரைக்கோப்பும் சேர்த்து வைக்கலாம்.