கல் (சொல்)

கல் என்பது தமிழில் மிகப் பரவலாக வழங்கும் பழமையான சொற்களுள் ஒன்றாகும். பெயர்ச்சொல்லாக வரும்போது பாறைத்துண்டு என்பதே இதன் முதன்மைப் பொருள். மலை, மணி (இரத்தினம்), நடுகல், தொலைவு அளவு, எடை அளவு, உடலில் உண்டாகும் கட்டி எனப் பல பொருள்களிலும் இச்சொல் ஆளப்படுகிறது. வினைச்சொல்லாக வரும்போது இது "கற்றுக்கொள்" எனப் பொருள்படும். பாறைகள் நிறைந்த தருமபுரி மாவட்டத்தில் இச்சொல்லின் பெரும்பாலான பொருள்களை இன்றும் வழக்கில் காணலாம். எனவே இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரிதும் அம்மாவட்டத்திலிருந்தே தரப்படுகின்றன.

சொற்பிறப்பும் இலக்கணமும்

கல் என்னும் சொல் திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. மலையாளம், கன்னடம், துளு ஆகிய மொழிகளில் இது கல்லு என வழங்குகிறது. பாக்கிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் இதனுடன் தொடர்புடைய சொல் கல்லைக் குறிக்கிறது.

உயிரெழுத்தில் தொடங்கும் உருபு சேரும்போது ஈற்று மெய் இரட்டிக்கும் (கல்லை, கல்லால்). வல்லினம் வரும்போது லகரம் றகரமாகத் திரியும் (கற்கள், கற்கோயில்). வினைச்சொல்லும் இதே போன்று திரிவதால் (கற்க, கற்றான், கல்லாதவர்) இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இடத்தை நோக்கியே பொருளை அறிய வேண்டும். கல்வெட்டு என்பதில் உள்ளது பெயர்ச்சொல். கல்வி, கல்லூரி என்பவற்றில் உள்ளது வினை. கல்லுதல் என்னும் வினைக்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு.

பணம் வைக்கும் பெட்டியைக் குறிக்கும் கல்லா என்பது இந்தியிலிருந்து வந்த வேறு சொல்லாகும். பனை, தென்னை மரங்களிலிருந்து இறக்கப்படும் கள் என்பதும் வேறு சொல். பழந்தமிழில் ஆரவாரத்தைக் குறிக்கக் "கல்லென" என்று வருவது ஒலிக்குறிப்பாகும்.

நடுகல்

போரில் இறந்த வீரனுக்காக நடப்படும் கல் நடுகல் எனப்படும். இலக்கியங்களிலும் கல்வெட்டுகளிலும் அடைமொழி இன்றிக் கல் என்று மட்டும் கூறினும் இது நடுகல்லைக் குறிப்பதுண்டு. திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறள் இப்பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறது.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காணுதல், அதைக் கொண்டுவரத் தொடங்குதல், நீரில் இடுதல், நடுதல், படையல் இடுதல், வாழ்த்துதல் என்பன அவை.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடுகல் எடுக்கப்பட்டதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (232) காட்டுகிறது. மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைக்கும் வழக்கம் அதில் கூறப்படுகிறது. நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என்று புலவர் வருந்துகிறார்.

தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதியாகும். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் காலத்தவை பல. தொடக்க காலத்தவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. ஆநிரையை மீட்கும் சண்டையிலோ ஆநிரை கவரும் சண்டையிலோ வீரன் இறந்த செய்தியே பெரும்பாலும் இவற்றில் உள்ளது. "பட்டான் கல்" என இவை முடிவது வழக்கம். பட்டான் என்றால் இறந்தான் என்பது பொருள். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் உள்ள முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், வீரனுடன் நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் பெயருடன் குறிக்கப்பட்டுள்ளது.

புலியுடன் போரிட்டு இறந்தவனுக்கு எடுத்த கல் புலிகுத்திக் கல் எனவும், கணவனுடன் உடன்கட்டை ஏறியவளுக்கு எடுத்த கல் சதிக்கல் எனவும் அழைக்கப்படுகின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியில் எழுப்பப்படுவது சுமைதாங்கிக் கல் ஆகும். வழிப்போக்கர் தலைச்சுமையைப் பிறர் துணையின்றி அதன்மேல் இறக்கி வைக்கலாம்.

இப்பகுதி மக்கள் நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்னும் பெயரில் தெய்வமாக வணங்குகின்றனர். எழுத்தைப் படிக்க இயலாமல் வீரனின் பெயர் மறந்துபோன பின்னரும் வழிபாடு தொடர்வதால் அக்கற்கள் காக்கப்பட்டன. வழிபாடு நின்றுபோன இடங்களில் நடுகற்கள் துணி துவைக்கவும் படிக்கட்டாகவும் வேலிக் காலாகவும் பயன்பட்டு எழுத்துகள் அழிந்ததுண்டு. மீட்கப்பட்ட நடுகற்கள் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

தொல்லியல் சொற்கள்

பெருங்கற்காலச் சின்னங்களின் பெயர்களும் கல் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தவை. புதைகுழியைச் சுற்றி வட்டமாகக் கற்களை அடுக்குவது கல்வட்டம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைப்பது கற்திட்டை. தனியாக நிறுத்தப்பட்ட நெடுங்கல் குத்துக்கல். அதற்கு முந்திய புதிய கற்காலத்தில் தீட்டி வழவழப்பாக்கப்பட்ட கற்கோடரிகள் பயன்பட்டன. தருமபுரி மாவட்டத்து மோதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2004-05ஆம் ஆண்டில் அகழாய்வு செய்தது.

தொலைவைக் குறிக்கும் கல்

வழியில் நாட்டப்பட்ட கல், காலப்போக்கில் இரு கற்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் மைல்தோறும் கல் நடப்பட்டதால், ஒரு கல் தொலைவு என்றால் ஒரு மைல் (சுமார் 1.6 கிலோமீட்டர்) எனக் கொள்ளப்பட்டது. இலங்கைத் தமிழில் இதே பொருளில் கட்டை என்னும் சொல் வழங்குகிறது.

தொலைவு காட்டும் கல் ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுமையன்று. அதியமான் பெருவழி என்னும் பழைய வணிகப் பாதையில் நடப்பட்ட தொலைவுக் கற்கள் தருமபுரி மாவட்டத்தில் கிடைத்துள்ளன. இவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாவல்தாவளம் என்னும் ஊர் எத்தனை காதத்தில் உள்ளது என்பதை இவை எழுத்தாலும் எண்ணாலும் அறிவிக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். 29 காதம் எனக் காட்டும் கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் உள்ளன. இருளிலும் கையால் தடவித் தொலைவை அறியலாம்.

வீட்டிலும் கடையிலும்

அம்மிக்கல், ஆட்டுக்கல் ஆகியவை உண்மையில் கல்லால் ஆனவை. தோசைக்கல் இன்று இரும்பால் செய்யப்பட்டாலும் கல் என்றே அழைக்கப்படுகிறது. தராசில் இடும் எடைக்கல்லும் அவ்வாறே. பொருள் மாறிய பின்னும் பெயர் நிலைத்ததற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

நகைத் தொழிலில் கல் என்பது பதிக்கப்படும் மணியைக் குறிக்கும். ஏழு கல் தோடு, கல் மூக்குத்தி என்பன இவ்வகை வழக்குகள். தங்கத்தின் தரத்தை உரசிக் காண்பது உரைகல். கற்கண்டு, கல்லுப்பு ஆகியவை கட்டியாக இருப்பதால் அப்பெயர் பெற்றன.

மருத்துவத்தில் சிறுநீரகம், பித்தப்பை ஆகியவற்றில் உண்டாகும் கெட்டியான படிவுகள் கல் எனப்படும். சித்த மருத்துவம் சிறுநீர்க் கல் நோயைக் கல்லடைப்பு என அழைக்கிறது.

ஆங்கிலச் சொல்லுடன் ஒப்பீடு

இதற்கு இணையான ஸ்டோன் என்னும் ஆங்கிலச் சொல்லும் மணி, உடலில் தோன்றும் கல், நினைவுக்கல் ஆகியவற்றைக் குறிக்கிறது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உடல் எடையைக் கூற ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு (சுமார் 6.35 கிலோகிராம்) ஆகும். தமிழில் கல் தொலைவுக்கு அலகானது. ஆங்கிலத்தில் எடைக்கு அலகானது. மாம்பழத்தின் உள்ளே உள்ள கெட்டியான பகுதியை ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிப்பர். தமிழில் அது கொட்டை ஆகும். கல்லெறிதலுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர்ச்சொல்லே வினையாகவும் வரும். தமிழில் கல் வினையாகும்போது கற்றலையே குறிக்கும்.

ஊர்ப்பெயர்களில்

நாமக்கல், திண்டுக்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் கல் என முடிகின்றன. இங்கு கல் என்பது பெரும்பாறையை அல்லது குன்றைக் குறிக்கும். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்தில் காவிரி அருவியாக விழும் இடம் ஒகேனக்கல் ஆகும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால் "புகையும் கல்" என இப்பெயர் அமைந்தது. ஒகேனக்கல் பகுதியில் காணப்படும் கார்பனடைட் வகைப் பாறைகள் சுமார் 240 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

கல்லும் குடிநீரும்

தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலமாகும். கருப்புக் கிரானைட் இங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. இப்பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து புளூரைடு சிறிது சிறிதாக நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்து ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்து வாழும்போது இதன் அளவு கூடுகிறது. குடிநீரில் புளூரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. இந்த அளவை மீறிய நீரை நெடுங்காலம் குடித்தால் முதலில் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பின்னர் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி உடல் வளையும். பற்களில் தோன்றிய கறை தானாக மறைவதில்லை.

இதற்குத் தீர்வாக, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேற்றப்பட்ட இத்திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பாறையிலிருந்து நீரில் கலந்த புளூரைடினால் வந்த நோய்க்குத் தீர்வாக, கல்லின் பெயரையே கொண்ட ஓர் ஊரிலிருந்து இம்மாவட்டத்துக்கு நல்ல நீர் வருகிறது.

பிற வழக்குகள்

இரக்கமற்ற மனத்தைக் கல்நெஞ்சம் என்பர். எவ்வளவு கேட்டாலும் வாய் திறவாதவனைக் கல்லுளிமங்கன் என்பர். ஒரு துறையில் முதன்மையான திருப்பத்தை மைல்கல் என்பது ஆங்கில வழக்கைப் பின்பற்றியதாகும். சாலைகளில் தொலைவு கிலோமீட்டரில் குறிக்கப்படும் இக்காலத்திலும் மைல்கல் என்னும் சொல் மாறாமல் வழங்கி வருகிறது.