உயிரியல் காலத்தொடர்ப் பகுப்பாய்வு

உயிரியல் காலத்தொடர்ப் பகுப்பாய்வு என்பது உடல் வெப்பநிலை, இதயத்துடிப்பு, விலங்குகளின் நடமாட்டம் முதலியவற்றைத் தொடர்ந்து அளந்து, அத்தரவுகளில் மீண்டும் மீண்டும் வரும் சுழற்சிகளின் அலைவெண்ணைக் கண்டறியும் முறையாகும். ஃபூரியே உருமாற்றம் இதற்குப் பயன்படும் முதன்மையான கணித முறைகளுள் ஒன்று. ஒரு சுழற்சிக்கு இரண்டுக்கும் மேற்பட்ட அளவீடுகள் தேவை.

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதி மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிற அணில் பகலில் இயங்குவது. இத்தகைய 24 மணிநேரச் சுழற்சி சூரிய ஒளியால் மட்டும் அமைகிறதா, உடலின் உட்கடிகாரத்தாலும் அமைகிறதா என்பதைக் களத்தரவு மட்டுமே காட்டாது. மாறாத இருளிலும் சுழற்சி தொடர்ந்து, 24 மணிநேரத்திலிருந்து சற்று விலகினால், அது உட்கடிகாரத்திற்குரியது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து, எம். கே. சந்திரசேகரன் உள்ளிட்டோர் 1981 இல் வெளியிட்ட ஆய்வில், இருண்ட குகையில் தனித்து வைக்கப்பட்ட வௌவாலின் சுழற்சி இவ்வாறு விலகியது. பிற வௌவால்கள் வந்துசெல்லும் குகையில் அது அவற்றுடன் ஒத்திசைந்தது. ஒளியைப் போலவே கூட்டமும் உட்கடிகாரத்தை ஒழுங்குபடுத்தும் என்பதை இது காட்டியது.