டானியலைப் பரீட்சைக்கு வெளியே வாசிப்போம்

கே. டானியல் எங்களில் பலருக்கு ஒரு விரிவுரைக் குறிப்பு மட்டும்தான்: 'பஞ்சமர், 1972, சாதி எதிர்ப்பு நாவல்'. அந்த நாவலுக்கு முந்தின வரலாற்றை ஆரும் சொல்லித் தருவதில்லை.

தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒடுக்கப்பட்ட சனங்களுக்குத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம். டானியல் இவற்றை வேடிக்கை பார்த்து எழுதியவர் அல்ல, இயக்கத்துக்குள் நின்றவர். 'பஞ்சமர்' அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதனால்தான் அவருக்கு எழுத்து வேற, அரசியல் வேற இல்லை. ஒரு கிணற்றில் ஆர் தண்ணி அள்ளலாம் என்ற அன்றாடக் கேள்வியே அரசியல். 'தண்ணீர்' என்று ஒரு நாவலே எழுதினார். சனங்களின் பேச்சையும் அப்படியே எழுத்துக்குள் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் இப்படியான எழுத்தை 'இழிசனர் வழக்கு' என்று இகழ்ந்தார்கள். கிணற்றைப் போலவே மொழிக்கும் வேலி போட்டிருந்தார்கள் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

1986இல் டானியல் தஞ்சாவூரில் காலமானார். "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்று எங்கட வீடுகளிலேயே கேட்கிறார்கள். ஒரு கலியாணப் பேச்சுத் தொடங்கட்டும், பதில் தெரியும். அதுவரைக்கும் டானியலை வாசிப்போம், பரீட்சைக்காக அல்ல.